முனியய்யாவுக்கு நோட்டீஸ் கொடுத்தவன் பேய் நாவல் படித்தால்

“…அதைத்தான் மாமா நானும் கேக்குறேன். இந்த அண்ணனைச் சோம்பேறியாக்கி இங்கிட்டு எறங்கிக்கத் தெரிஞ்ச முனிக்கு, வேணாம்னா அந்த நோட்டீஸைத் துப்பத் தெரியாதா? முழுசா வாங்கித் தின்னாருல்ல? தின்னுட்டு நின்னு அசை போட்டாருல்ல?”

பஞ்சவர்ணம் இதைக் கேட்டபோது அந்தத் திடலில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தோம். சோம்பேறி அண்ணன் என்று அவர் கையைக் காட்டியது என்னைத்தான். அதற்கு அடுத்து அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் எனக்கு இந்தக் கட்டுரையை முடிக்க வராது. ஆனால் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நடக்க வேண்டும். நடப்பதுதானே நம் தொழில்.

என் பெயர் அடைக்கலம். நில அளவையில் முப்பத்து மூன்று வருடம் செயின்மேன். சர்வேயர் படம் போடுவார், கணக்குப் போடுவார். சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் போய் நிற்கிறவன் செயின்மேன். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. திருக்கோகர்ணத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு வாசகர் வட்டம் கூடுகிறது. அதை நடத்துகிற கவிதா மேடமும் சர்வேயர்தான். இப்போது ஒரு கம்பை நட்டு பொத்தானை அமுக்கினால் வானத்திலிருந்து இடம் சொல்லிவிடுகிறதாம். ரொம்ப நல்லது. என் முட்டிக்கால் இரண்டையும் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு நல்லது என்று சொல்லும்.

அந்த மேடம்தான் சொன்னார்: “அண்ணே, இப்ப வர்ற மாயலோக நாவல், பேய் நாவல் எல்லாத்தையும் வட்டத்துல நீங்க ஒருத்தர்தான் விடாமப் படிக்கிறீங்க. எது தேறும், எது தேறாதுன்னு நம்ம மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க. ஒங்க சர்வீஸ் அனுபவமும் ரெண்டு பாரா இருக்கட்டும்.”

ரெண்டையும் பிரித்து எழுத உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. எனக்கு ரெண்டும் ஒரே முளையில் கட்டின மாடு.

முதலில் மாயலோக நாவல். திறந்ததும் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குச் சோறு கண்ட மாதிரி இருக்கும். கதையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நூலை எடுத்து அளந்துவிடுவேன். அங்கேதான் சண்டை ஆரம்பம். போன மாதம் படித்த ஒன்றில் ஏழு நாடு, நாலு ஆறு. அதில் ஒரு ஆறு கடலில் புறப்பட்டு மலை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. ஆசிரியர் அது மாயம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கதாநாயகன் குதிரையில் மலைக்குப் போக மூன்று நாள் ஆகிறது, திரும்பி வரும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறான். போகும்போது மேடு, வரும்போது பள்ளம் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது.

பெயர்கள் இன்னொரு தொல்லை. ஒவ்வொருத்தனுக்கும் பதினோரு எழுத்தில் பெயர். கூப்பிட்டு முடிப்பதற்குள் எதிராளி வாள் இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் சண்டைக்காரனை “டேய்” என்றுதான் கூப்பிடுவார்கள், அதிலேயே எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் அந்தப் பிறவி ரகசியம். பையன் பிறக்கும்போதே இந்த உலகத்தைக் காப்பாற்றப் பிறந்தவன் என்று ஓலையில் எழுதி வைத்திருப்பார்கள். பிறக்கும்போதே பட்டா எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதற்கு ஐந்நூறு பக்கம் அளக்கிறது?

இவ்வளவு சொல்கிறேனே, அடுத்த பாகம் வந்தால் முதல் ஆளாக வாங்கி வருகிறவனும் நான்தான். இல்லாத ஒரு நாட்டுக்கு எல்லை போட்டு, மலை வைத்து, ஆறு விட்டு, அதில் ஒருத்தனை நடக்க வைக்கிறார்களே, அந்தத் தைரியத்துக்குக் கும்பிடு. நாங்கள் இருக்கிற நாட்டுக்கே எல்லை போட முடியாமல் வாய்தா மேல் வாய்தா போட்டோம்.

பேய் நாவலுக்கு வருகிறேன். இதில் என் குறை ஒன்றுதான். இப்போதைய பேய்களுக்கு வேலை கிடையாது. சும்மா சுவரில் நடக்கிறது, சும்மா கழுத்தைத் திருப்புகிறது, சும்மா ஆளைக் கொல்லுகிறது. ரத்தம் வாளி வாளியாகக் கொட்டுகிறது, படிக்கிறவனுக்கு வழுக்குமே தவிர பயம் வராது. பஞ்சவர்ணம் ஒரு வார்த்தை சொல்வார்: “மொளகாயையும் பயத்தையும் கிள்ளித்தாண்ணே போடணும், அள்ளிப் போட்டா சோத்தைத்தான் கொட்டணும்.” பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவர். அளவு தெரிந்த கை.

போன வருடம் வந்த ஒரு நாவலில் அடுக்குமாடி வீட்டில் ஒரு பேய். அது செய்வதெல்லாம் ஒன்றுதான். வாசலில் கிடக்கிற செருப்புகளை ஜோடி சேர்த்து வைக்கும். ஒரு நாள் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள், அஞ்சு ஜோடி செருப்பு இருக்கிறது. அவ்வளவுதான். பட்டப்பகலில் படித்துவிட்டு, எழுந்து போய் என் வீட்டு வாசலில் எண்ணிப் பார்த்தேன். அந்த எழுத்தாளர் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

எனக்கு இந்தப் படிக்கிற பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் சவரிமுத்து சார். கடைசி ஒன்பது வருடம் அவர் சர்வேயர், நான் செயின்மேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சங்கிலியை முறுக்காமல் மடிக்கவும், வெயிலில் தலை சுற்றாமல் நிற்கவும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவும் கற்றேன். அந்த ஆறு மாதத்தில் ஒரு தப்பும் செய்தேன். அது தானாகவே வரும்.

சவரிமுத்து சார் பேசுவதே அலாதி. வாயில் ‘நான்’ வராது. கோப்பில் எழுதுகிற மாதிரியே பேசுவார். டீக்கடையில் போய் “சர்க்கரை குறைக்கப்படணும்” என்பார். டீ வந்ததும் “பெற்றுக்கொள்ளப்பட்டது” என்பார். அளக்கப் போன இடத்தில் எந்தத் தரப்பு வீட்டு நாற்காலியிலும் உட்கார மாட்டார், தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நிற்பார். நோட்டீஸ் கொடுக்காமல் ஒரு சாண் அளக்க மாட்டார். ஒரு இடத்தை அளக்கணும் என்றால் சுற்றியுள்ள நாலு பக்கத்துக்காரருக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் அவர் வீட்டுக் கதவில் ஒட்டி, ரெண்டு சாட்சி போட வேண்டும். இதற்கு ‘ஒட்டி சார்பு செய்தல்’ என்று பெயர். சாருக்கு இது பைபிள்.

சர்வேயர் வேலையில் முக்கால்வாசி, வராத ஆளுக்குக் காத்திருப்பது. அந்த நேரத்தில் சார் குடைக்குள் நின்று பேய் நாவல் படிப்பார். படித்து முடித்ததும் எனக்குத் தருவார். ஓரத்தில் பென்சிலில் குறிப்பு இருக்கும். ‘பங்களா வாசல் வடக்கு என்றது. இங்கே மேற்கு. ஆட்சேபணை.’ ‘பேய் வந்த நேரம் குறிப்பிடப்படவில்லை.’ ‘சாட்சி ஒருவர் மட்டுமே. போதாது.’ கதையை விட அந்த ஓரத்தைப் படிக்கத்தான் நான் முதலில் ஆரம்பித்தேன். அப்புறம் கதைக்குள் விழுந்தேன்.

இனிமேல் அந்தத் திடல் வழக்கு. நான் ஓய்வு பெற்ற வருடம் நடந்தது.

திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். பஞ்சவர்ணம் அங்கே வீடு கட்ட ஆரம்பித்து, அடித்தளம் போட்டு, இடுப்பளவு சுவர் எழும்பின நிலையில் வேலை நின்று போயிற்று. கொத்தனார் கரணையைக் கழுவி மூட்டை கட்டிவிட்டார். காரணம் முனி.

அவர் மனைக்கு வெளியே, ஈசானி மூலையில் ஒரு பனைமரம். பனையடியில் ஒரு கல், மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி. அதுதான் முனியய்யா. உச்சிப்பொழுதில் அவர் கல்லிலிருந்து இறங்கி ஊருணிக்குக் குளிக்கப் போவாராம். எங்கள் பக்கத்தில் முனி போகிற பாதையில் யாரும் சுவர் வைக்க மாட்டார்கள். வைத்தால் அவருக்கு முட்டும், முட்டினால் நமக்குக் கெட்டது. கல்லுக்கும் ஊருணிக்கும் நேராக ஒரு கயிறு கட்டினால் அது சரியாகப் பஞ்சவர்ணத்தின் அடுப்படி வழியாகப் போகிறது. இதை முதலில் சொன்னவர் வெள்ளைச்சாமி. பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரருக்குப் பங்காளி, முனிக்குப் பூசாரியும் அவர்தான். கெட்டவர் இல்லை, மனசார நம்புகிறவர். கெட்டவரோடு மல்லுக்கட்டிவிடலாம், நம்புகிறவரோடு என்ன செய்வது?

பஞ்சவர்ணம் குடும்பம் அப்போது இருந்தது அவருடைய அண்ணன் வயலில், பம்புசெட் கொட்டகைக்குள். வீட்டுக்காரர் காளிமுத்து கதிர் அறுக்கிற மிஷினிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போனவர். கட்டிலோடு கிடக்கிறார். கட்டிலும் மோட்டாரும் பக்கத்துப் பக்கத்தில். நாங்கள் போன அன்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“எனக்கும் பேய் பிடிக்குது சார், தெனம் ஆறு மணி நேரம். மோட்டார் ஓடுனா கட்டிலோட சேந்து ஆடுறேன். த்ரீ பேஸ் கரண்டு பேய்.”

முந்தின ஐப்பசி மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறி, கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார்களாம். அடுத்த ஐப்பசிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அதற்குள் கூரை ஏற வேண்டும். பஞ்சவர்ணம் எங்களிடம் கேட்டது அவ்வளவுதான். “அளந்து, என் எடம் எம்புட்டு, முனி எடம் எம்புட்டுன்னு பிரிச்சுக் குடுத்துடுங்க சார். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”

சார் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். நாலு எல்லையில் வடக்கு எல்லை என்று எழுதியிருந்தது: ‘முனியய்யா திடல்’. சார் குடையை மடக்கினார்.

“வடக்குப் பக்கத்துக்காரர் முனியய்யா. அவருக்கு நோட்டீஸ் சார்பு செய்யப்படணும்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டீஸ் எழுதினார். ‘பெறுநர்: முனியய்யா, திடல், பனைமரத்தடி.’ வெள்ளைச்சாமியிடம் நீட்டினார். அவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சாமிக்கு வந்ததை நான் எப்படிங்க வாங்குறது? நாளைக்கு ‘என்னையக் கேக்காம ஏண்டா வாங்குன’ன்னு அவரு கேட்டா நான் என்ன சொல்றது?”

“மறுக்கப்பட்டது” என்று சார் எழுதிக்கொண்டார். “ஒட்டப்படும்.”

பசை இல்லை. பஞ்சவர்ணம் கொட்டகைக்கு ஓடிப்போய் மைதா மாவைக் கரைத்து, காய்ச்சி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். சமையற்காரப் பசை. பதம் என்றால் பதம், மணமே தனி. கல்லுக்கு மேலே பனையில் நான் ஒட்டினேன். ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டார்கள். சார் செல்போனில் படம் எடுத்துவிட்டு, ‘ஒட்டி சார்பு செய்யப்பட்டது’ என்று எழுத ஆரம்பித்து ‘ஒட்டி’ வரைக்கும் எழுதியிருப்பார். அதற்குள் ஒரு கிடா வந்தது. கொம்பில் மஞ்சள் துணி. பின்னங்காலில் எழும்பி, நோட்டீஸைக் கிழித்து, மென்று, விழுங்கிவிட்டு, மரத்தில் மிச்சம் இருந்த பசையையும் நக்கியது.

“பிடிங்கப்பா அதை! யார் ஆடு?” என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. வெள்ளைச்சாமி மெதுவாகச் சொன்னார்: “முனிக்கு நேந்துவிட்ட கெடாங்க அது. பிடிக்கக் கூடாது.”

சார் பேனாவை எடுத்து ‘ஒட்டி’யை அடித்துவிட்டு யோசித்தார். “நேர்ந்துவிட்ட கிடா யாருக்குச் சொந்தம்?”

“முனிக்குத்தாங்க.”

“அப்ப நோட்டீஸ் அவர் தரப்பில் நேரில் பெற்றுக்கொள்ளப்பட்டது.” எழுதி, கீழே கோடு போட்டார்.

கூட்டத்தில் இதை ஒத்துக்கொண்டவர்கள் பாதி, ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதி. ஒரு வாரம் டீக்கடையில் இதே பேச்சு. ஆனால் எனக்கு அன்றைக்கு அந்தச் சிரிப்பெல்லாம் வயிற்றோடு நின்றுவிட்டது. கிடா காகிதத்தை இழுத்தபோது கல்லில் இருந்த சிவப்புத் துணியும் சேர்ந்து அவிழ்ந்தது. மஞ்சளுக்குக் கீழே கல்லின் நெற்றியில் மூன்று கோடு கொத்தின குறி இருந்தது. ஊர் அதைச் சூலம் என்கிறது. எங்கள் துறையில் அதற்குக் காக்காய்க்கால் என்று பெயர். சர்வே கல்லில் கொத்துகிற அடையாளம். அதில் நடுக்கோடு கோணல். நான் இடதுகைக்காரன். முதல் தடவை உளி பிடித்தபோது வழுக்கி, நடுக்கோடு கோணிக்கொண்டது. அந்தக் கோணலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

அதற்கு முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அன்றைய சர்வேயர் அந்தத் திடலில் அடையாளத்துக்கு அம்பு என்கிற இரும்புக் கம்பியைக் குத்திவிட்டு, “இங்க கல்லை நட்டுட்டு வா” என்று சொல்லிப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அம்பு குத்தின இடம் செம்புறாம்பாறை. கடப்பாரையை ஓங்கினால் அது என்னைத் திருப்பி அடித்தது. அரை மணி நேரத்தில் நாலு விரற்கடைதான் பள்ளம். பதினோரு தப்படி தள்ளி, பனையடியில் மண் வெண்ணெயாக இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அங்கே நட்டுவிட்டு நானும் பஸ்ஸைப் பிடித்தேன்.

யார் பார்த்தார்கள் என்பது இப்போது தெரிந்தது. ஊரே பார்த்திருக்கிறது. பொட்டலில் திடீரென்று சூலம் போட்ட கல் முளைத்தால் கும்பிடாமல் என்ன செய்வார்கள்?

திரும்பி வருகிற வழியில் டீக்கடையில் சாரிடம் சொன்னேன். அவர் கையில் ஒரு பேய் நாவல் கடைசிப் பத்துப் பக்கத்தில் இருந்தது. விரலை வைத்து மூடினார். அப்புறம், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, மனிதர் மாதிரி பேசினார்.

“அளவுப் புத்தகத்துல அங்க ஒரு கல்லு இருக்கணும்னு இருக்குய்யா. காலையில பாறை முழுக்கத் தேடினேன். வெள்ளைச்சாமிக்கிட்ட கேட்டேன், ‘இங்க முனியைத் தவிர வேற கல்லே இல்லைங்க’ன்னான். அது உண்மைதான் போல.”

“இப்ப என்ன சார் பண்றது?”

“சரியான எடத்துல இருந்து ஊருணிக்குக் கயிறு பிடிச்சா?”

“பஞ்சவர்ணம் வீட்டைத் தொடாது சார். திடல் வழியாவே போயிரும்.”

“அப்ப கல்லை எடுத்து அதோட எடத்துல நடணும். நீ நட்டதுன்னு ஊருக்குச் சொல்ல வேண்டியதில்ல. சர்க்கார் கல்லு எடம் மாறியிருக்கு, திருத்துறோம். அவ்வளவுதான் ரிப்போர்ட்டு.” புத்தகத்தைத் திறந்தார். மறுபடி மூடினார். “இந்த நாவல்காரன் பாரு, நானூறு பக்கம் பயமுறுத்திட்டு, கடைசிப் பக்கத்துல எல்லாம் வீட்டுக்காரன் செஞ்ச திருட்டு வேலைன்னு விளக்கிப்புட்டான். நல்லாவா இருக்கு? நீ விளக்காத.”

இதைப் பற்றி வட்டத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் கடைசியில் விளக்கிவிடுகிற பேய் நாவல் எனக்கும் பிடிக்காது. விளக்கவே விளக்காமல் ‘காற்று வீசியது’ என்று முடிக்கிறவரையும் பிடிக்காது, அது நோட்டீஸ் கொடுக்காமல் அளக்கிற மாதிரி. நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அது எழுதுகிறவர் கையில் இல்லை என்பதை அடுத்த வாரம் கற்றுக்கொண்டேன்.

அளவு நாள். விடிந்ததும் நான் தனியாகப் போய்ப் பாறையில் குழி வெட்டினேன். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் விட்ட வேலை. நாலு விரற்கடைப் பள்ளம் அப்படியே இருந்தது, அதில் மழைத்தண்ணீர் தேங்கி ஒரு தவளை குடியிருந்தது. அதற்கு நோட்டீஸ் கொடுக்கவில்லை. மூன்று மணி நேரம் வெட்டினேன். கை ரெண்டும் கொப்புளம்.

பத்து மணிக்கு ஊர் கூடிற்று. கொத்தனாரும் கரணையோடு வந்து ஓரமாக நின்றார். வானம் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. சார் குடையை விரித்து, முறைப்படி, தரப்பினரைக் கூப்பிட்டார்.

“வடக்கு எல்லை, முனியய்யா! முனியய்யா! முனியய்யா!”

ஒவ்வொரு தடவைக்கும் நாற்பது பேரும் கும்பிட்டார்கள். மூன்றாவது தடவை பனையிலிருந்து ஒரு பழம் தொப்பென்று விழுந்தது. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். அவர் எழுதினார்: ‘ஆஜர் இல்லை. பனம்பழம் ஒன்று விழுந்தது.’

அளந்தோம். ஊருணி மதகிலிருந்து சங்கிலி பிடித்து, அளவுப் புத்தகம் சொன்ன இடத்தில் அம்பைக் குத்தினால் அது நேராக என் குழிக்குள் விழுந்தது. சார் அறிவித்தார்: “இந்தக் கல் இடம் பெயர்ந்துள்ளது. உரிய இடத்தில் மீண்டும் நடப்படும்.”

வெள்ளைச்சாமி கல்லை மறைத்துக்கொண்டு நின்றார். “எடம் பேந்துருக்குன்னா? யாரு பேத்தது? அப்பன் காலத்துலேருந்து நாங்கதான் விளக்குப் போடுறோம். சர்க்கார் கல்லை நாங்க திருடி வெச்சோம்ங்கிறீங்களா? எங்க மேல கேசா?”

கூட்டம் நெருங்கிற்று. ஒரு பெரியவர் கம்பைத் தரையில் ஊன்றினார். சார் என்னைப் பார்க்கவே இல்லை, விளக்காதே என்று சொன்னவர் அல்லவா. ஆனால் என் தப்பு வெள்ளைச்சாமி தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

“நான்தாங்க நட்டேன்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாறை, வெண்ணெய் மண், பஸ், இடதுகை, கோணல் கோடு. துணியை விலக்கிக் காட்டினேன். அடி விழும் என்று நினைத்தேன். நாற்பது பேரும் வாயைத் திறந்தபடி என்னையும் கல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வெள்ளைச்சாமி என் முன்னால் வந்து நின்று, என் இடது கையைப் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இந்தக் கையாலயா வந்தாரு?” என்றார். அப்புறம் ஊரைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டீங்களாய்யா? பாறையில குத்தச் சொன்னது சர்க்காரு. அவருக்கு அந்த எடம் புடிக்கல. பாறையை இறுக வெச்சு, இந்த மனுசனைச் சோம்பேறியாக்கி, பனையடிக்கு அவரே வந்து எறங்கியிருக்காரு! இது அவரா தேடிக்கிட்ட எடம். இதைப் போயி அசைக்கலாமா?”

“கூடாது” என்றது கூட்டம்.

போயிற்று. உண்மையைச் சொன்னால் பேய் போய்விடும் என்று எந்த நாவல்காரர் எழுதினாலும் இனி நம்பாதீர்கள். முந்தின நாள் வரைக்கும் அது பனையடியில் ஒரு கல். நான் வாயைத் திறந்த பிறகு அது சுயமாக இடம் தேடி வந்த தெய்வம். என் தப்புக்கே அவர் தலவரலாறு எழுதிவிட்டார். ஒரு அம்மா என் நெற்றியில் விபூதி பூசினார். கொத்தனார் கரணையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிளைப் பார்த்து நடந்தார். முதல் தூறல் சாரின் குடையில் பட்பட்டென்று விழுந்தது. எனக்கு அந்தக் கட்டில் காலும் செங்கலும்தான் கண்ணுக்குள் வந்தது.

அப்போதுதான் பஞ்சவர்ணம் முன்னால் வந்தார்.

“மாமா சொல்றது சரிதான்” என்றார். “முனி நெனைச்சா ஆளைச் சோம்பேறியாக்குவாரு, பாறையை இறுக வெப்பாரு. எல்லாம் முடியும். நான் இல்லைங்கல.”

“அப்புறம் என்னத்தா? அவருக்கு வேணும்னாத்தானே நகருவாரு?” என்றார் வெள்ளைச்சாமி.

“அவருக்கு வேணுமா வேணாமான்னு கேட்டு, எழுதி, ஒட்டி, அவரு கெடாவே வாங்கித் தின்னுச்சுல்ல…”

அதற்கப்புறம் அவர் கேட்டதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்தக் கிடாவும் அங்கேயே பனைமரத்தில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது. நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள். அது அசை போட்டுக்கொண்டிருந்தது. சார் குடையைக் காதோரம் சாய்த்துக்கொண்டு எழுதுகிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார்.

பஞ்சவர்ணம் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். சேலையை இழுத்துச் செருகினார். என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக் கல்லின் அடியில் ரெண்டு நெம்பு நெம்பி, அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். குனிந்தார். பள்ளிக்கூடத்துச் சோற்று அண்டாவைத் தனியாளாக இறக்குகிற கை. முனியய்யாவை ரெண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, பச்சைப்பிள்ளையை வைக்கிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். பழக்க தோஷம், நான் தப்படியை எண்ணினேன். ஆறாவதில் நின்று, “கனக்குதுய்யா, கொஞ்சம் ஒத்துழைங்க” என்று அவரிடமே சொல்லிவிட்டு, இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பதினோராவதில் குழிக்குள் இறக்கினார். சிவப்புத் துணியைச் சரியாகக் கட்டி, மண்ணைக் கையால் தள்ளி, விழுந்து கும்பிட்டு எழுந்தார். எழுந்தவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சைக்கிளில் ஒரு காலைத் தூக்கிப் போட்டபடி நின்ற கொத்தனாரிடம் நேராகப் போய், துண்டை அவிழ்த்து, கரணையை எடுத்து அவர் கையில் வைத்தார்.